திரு. பயனாளியின் வீடு

நெட்டூரணிக்காரர்கள் மழை வந்தால் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். காசு கொடுத்து வாங்கிய குடை நனைந்துவிடக் கூடாது. அந்த ஊர் வீட்டுவசதிச் சங்கத்தில் எழுத்தராக இருந்தவர் வெள்ளைச்சாமி.

சங்கம் இருபது உறுப்பினர்களுக்காக இருபது வீடுகள் கட்டி முடித்திருந்தது. வெள்ளைச்சாமியும் அதில் ஒருவர். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு மச்சான் வீட்டு மாடிப்படிக்கு அடியில் குடித்தனம். நிமிர்ந்தால் தலை இடிக்கும். "நிமிந்து நிக்கிற வீட்டுக்கு எப்பங்க போவோம்?" என்று அவர் மனைவி அம்சவேணி கேட்காத நாளில்லை.

சாவி கொடுக்க அதிகாரி வருகிறார், பெயர்களை அகர வரிசையில் அடுக்கி அந்த வரிசைப்படியே வீடு ஒதுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கணினி பார்க்கும் செண்பகம் பொத்தானை அழுத்தினாள். பட்டியலின் மேல்பாதி ஒழுங்காக வந்து நின்றது. கீழ்ப்பாதி சந்தைக்கூட்டம் மாதிரி அப்படியே கிடந்தது.

சங்கத் தலைவர் வைத்தியலிங்கம் கணினி விற்ற கடைக்காரரைப் போனில் பிடித்தார்.

"எல்லாத்தையும் மூடிட்டு மறுபடி திறங்க" என்றார் கடைக்காரர்.

ஜன்னல், பீரோ, தண்ணீர்ப்பானை, தலைவரின் வெற்றிலைப்பெட்டி எல்லாவற்றையும் மூடித் திறந்தார்கள். வாசல் கதவை மூடியபோது வெள்ளைச்சாமி வெளியே நின்றுவிட்டதால், அவருக்காக ஒருமுறை கூடுதலாகத் திறக்க வேண்டியதாயிற்று. பட்டியல் அசையவில்லை.

"நடுவுல ஒரு காலி வரி இருக்கும். அதை எடுத்துருங்க" என்றார் கடைக்காரர்.

தலைவர் யோசித்தார். "அதுலதான் ஒண்ணுமே இல்லையே. இல்லாததை எப்படிய்யா எடுக்கிறது?"

"இருக்கிறதை எடுத்தா அது திருட்டு சார். இல்லாததை எடுத்தா யாரும் கேக்க மாட்டாங்க" என்றார் வெள்ளைச்சாமி.

அதில் நியாயம் இருந்தது. செண்பகம் எதையோ அழுத்தினாள், காலி வரி போய்விட்டது. எங்கே விழுந்தது என்று தலைவர் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்.

கடைக்காரர் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. "கடைசியா ஒண்ணு. முதல் வரி பேரில்லை, தலைப்புன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிருங்க. இல்லாட்டி அதையும் ஆளோட ஆளா அடுக்கிரும்." போனை வைத்துவிட்டார்.

யார் சொல்வது என்ற கேள்வி எழுந்தது. பதவிப்படி தலைவர்தான் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. அவர் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு கணினியின் முன் நின்றார்.

"முதல் வரி தலைப்புங்க."

"இன்னும் கொஞ்சம் சத்தமா சார்" என்றாள் செண்பகம்.

"முதல் வரி தலைப்புங்க!"

வெள்ளைச்சாமிக்கு மனசு கேட்கவில்லை. அவரும் கைகூப்பினார். "என் வீடு உங்க கையிலதான் இருக்கு. கொஞ்சம் பாத்துச் செய்யுங்க."

கணினிக்குள் காற்றாடி லேசாக உறுமியது.

"சரின்னுடுச்சு" என்றார் தலைவர்.

செண்பகம் பொத்தானை அழுத்தினாள். முழுப்பட்டியலும் மணிமணியாக அடுக்காக வந்தது. தலைவர் விரல்விட்டு எண்ணினார். இருபத்தொரு பேர். பத்மாவதிக்கும் பரஞ்சோதிக்கும் நடுவில் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார்.

"பயனாளி. யாருய்யா இது?"

"நான் பார்த்ததில்லை சார். முன்னாடி பட்டியல் உச்சியிலே இருந்தவரு" என்றார் வெள்ளைச்சாமி.

"வயசு என்ன போட்டிருக்கு?"

"வயதுன்னுதான் போட்டிருக்கு சார்."

"சொல்ல விரும்பலை. பெரிய மனுஷனாத்தான் இருப்பாரு. கூட்டத்துக்கு வந்து சண்டை போட்டிருக்காரா?"

"ஒருநாளும் இல்லை."

"இப்படி ஒரு உறுப்பினர் நம்ம சங்கத்துல இருந்திருக்காரு, நமக்குத் தெரியலை பாரு" என்று தலைவர் வருத்தப்பட்டார்.

வரிசைப்படி பதினோராம் வீடு பயனாளிக்குப் போயிற்று. அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் ஆளுக்கொரு வீடு தள்ளிப்போனார்கள். கடைசியில் இருந்த வெள்ளைச்சாமி தள்ளிப்போவதற்கு வீடு இல்லை. ஆனாலும் கணக்கு சரியாக இருந்தது. அவரே கூட்டிப் பார்த்தார்.

விழாவன்று அதிகாரி மூன்றுமுறை கூப்பிட்டும் பயனாளி வரவில்லை. "வராதவர் வீட்டை வேறொருத்தருக்குக் கொடுக்க விதியில்லை" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். தலைவருக்குத்தான் மனம் இளகியது. "பூட்டிக் கிடந்தா கரையான் ஏறும். அவர் வர்ற வரைக்கும் நீ காவலுக்குக் குடியிரு" என்று சாவியை வெள்ளைச்சாமியிடம் கொடுத்தார்.

அம்சவேணி பால் காய்ச்சினாள். வீடு நல்ல உயரம். இருந்தும் வெள்ளைச்சாமி குனிந்தபடியே நடமாடினார். அடுத்தவர் வீட்டில் நிமிர்ந்து நிற்பது மரியாதையில்லை.

"காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிங்க" என்றாள் அவள்.

"அவரைக் கேக்காமலா?"

அன்றே அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினார். திரு. பயனாளி, வீட்டு எண் பதினொன்று, நெட்டூரணி. தபால்காரர் அதைக் கொண்டுவந்து வெள்ளைச்சாமி கையிலேயே கொடுத்தார். வாங்கியவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையெழுத்து எங்கோ பார்த்த மாதிரி இருந்தது.

"பிரிச்சுத்தான் பாருங்களேன்" என்றாள் அம்சவேணி.

"அடுத்தவர் கடுதாசியையா? நல்லா இருக்கே!"

அதைப் பத்திரமாகப் பரண்மேல் வைத்தார். ஒரு வாரம் காத்திருந்தார். பதில் இல்லை.

"பெரிய மனுஷன்தான். ஆனா ஒரு கடுதாசிக்குப் பதில் போடுற பழக்கம் இல்லை பாரு" என்று குறைப்பட்டுக்கொண்டு, நினைவூட்டல் கடிதம் எழுத உட்கார்ந்தார்.