செவலை போன வழி

“சாமி, ஒரு குதிரைக்கு வந்த வழியை மறக்கடிக்க முடியுமா?”

சிறைக்குள் இருந்தவர்கள் இரண்டே பேர். கேட்டவன் முத்திருளன். குதிரைப்படை வீரன், மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது. மற்றவர் ஒரு பண்டாரம். போர்க்காலத்தில் கோட்டை வாசலில் பிச்சைக்கு நின்றதால், வேவுகாரர் என்று பிடித்து அடைத்திருந்தார்கள். அவருக்கும் முப்பது வயதுக்கு மேல் இருக்காது.

“மறக்கடிச்சு?” என்றார் பண்டாரம்.

“என்னைப் பிடிச்சப்போ என் குதிரை செவலையையும் பிடிச்சுட்டாங்க. எங்க ஜனங்க மேற்குமலையில எந்த ஓடையில ஒளிஞ்சிருக்காங்கன்னு அடிச்சுக் கேட்டாங்க. நான் சொல்லலை. இப்போ இந்தக் கோட்டைத் தளவாய் சிரிக்கிறாரு. நீ சொல்ல வேண்டாம்டா, குதிரையை அவிழ்த்துவிட்டா தன் லாயத்துக்குப் போயிடும், பின்னாலேயே நாங்க போயிடுவோம்ங்கிறாரு.”

“போகுமா?”

“கண்ணைக் கட்டி விட்டாலும் போகும்.”

“ஓடையில எத்தனை பேரு?”

“நூத்திப் பன்னிரண்டு. பாதிக்கு மேல சின்னப் பிள்ளைங்க. எங்க அக்கா நிறைமாசம்.”

பண்டாரம் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டார்.

“அப்புறம் ஏன் இன்னும் அவிழ்த்துவிடலை?”

“யார் வச்சாலும் தின்ன மாட்டேங்குது. நிக்கவே தெம்பில்லை.”

அவன் குரல் தாழ்ந்தது.

“செத்துப்போனா நல்லதுன்னு நினைக்கிறேன், சாமி. குட்டியில இருந்து நான் வளர்த்தது. இப்படி நினைக்கிறது பாவமா?”

பண்டாரம் தலையிலிருந்து ஒரு பேனை எடுத்தார். உற்றுப் பார்த்தார். திரும்பத் தலையிலேயே விட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் காவல்காரன் பொம்மன் செவலையைச் சிறையின் சன்னலுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தினான். ஊறவைத்த கொள்ளு ஒரு கூடை நிறைய இருந்தது.

“தளவாய் உத்தரவு. நீ ஊட்டினா தின்னுமாமே. ஊட்டு.”

முத்திருளன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். செவலை அவனைப் பார்த்துக் கனைத்தது. கனைப்பில் பாதிதான் வெளியே வந்தது.

“ஊட்டு” என்றார் பண்டாரம்.

அவன் சட்டென்று திரும்பினான்.

“நீங்க அவங்க ஆளா?”

“அவங்க ஆளா இருந்தா என் கஞ்சியில உப்பு இருந்திருக்கும்.”

பொம்மன் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

“தம்பி, பசிச்ச குதிரை எங்க போகும்?”

“லாயத்துக்கு.”

“பசியாறின குதிரை?”

போர் தொடங்கியதிலிருந்து முத்திருளனின் படையில் எந்தக் குதிரையும் பசியாறியதில்லை.

பண்டாரம் எழுந்து, கம்பிக்கு வெளியே கை நீட்டி, ஒரு பிடி கொள்ளை அள்ளிச் செவலையின் வாயருகே பிடித்தார். அது முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்தப் பிடியை முத்திருளனின் உள்ளங்கையில் கொட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

முத்திருளன் ஊட்டினான்.

அன்றுமுதல் காலையும் மாலையும் ஊட்டினான். செவலையின் விலா நிறைய நிறைய, அவன் கன்னம் ஒட்டிக்கொண்டு வந்தது. மலையேறும் தெம்பு வந்துவிட்டதா என்று அதன் தொடையையே பார்ப்பான். வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பிடிக்கும் ஓடையிலிருந்து ஒரு முகம் நினைவுக்கு வரும்.

“நானே அவங்களைக் கொல்றேனா, சாமி?”

“கையைக் கழுவிட்டு வா. சாப்பிடலாம்.”

ஒருநாள் விடிந்ததும் கோட்டைக் கதவைத் திறந்தார்கள். சன்னலிலிருந்து வாசல் தெரிந்தது. பதினாறு குதிரை வீரர்கள் சேணத்தில் ஏறிக் காத்திருந்தார்கள். செவலையின் கயிற்றைப் பொம்மன் அவிழ்த்தான்.

அது வாசலைத் தாண்டிப் போயிற்று. நின்றது. மேற்கே தலையைத் தூக்கி, இரண்டு காதையும் விடைத்துக்கொண்டது.

முத்திருளன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கூப்பிட்டு வரவழைத்தால் மறுபடி விரட்டிவிடுவார்கள் என்று பல்லைக் கடித்தான்.

செவலை கொஞ்ச தூரம் மேற்கே நடந்தது. வீரர்கள் நகர்ந்தார்கள். அது குனிந்து புல்லைக் கடித்தது. துப்பியது. பிறகு திரும்பி, வீரர்களுக்கு நடுவே நுழைந்து, சன்னலுக்கு வந்து, கம்பிகளுக்கிடையே மூக்கை நீட்டி அவன் உள்ளங்கையைத் தேடியது.

“மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி வந்து நிக்குதே!” என்றான் பொம்மன். வீரர்களில் சிலரும் சிரித்தார்கள்.

முத்திருளன் பண்டாரத்தின் காலில் விழுந்தான்.

“காப்பாத்திட்டீங்க, சாமி.”

பண்டாரம் காலை இழுத்துக்கொண்டார்.

“எழுந்திரு. ஆள் வருது.”

தளவாய் வந்தார். கோபமாக இருப்பார் என்று முத்திருளன் நினைத்தான். அவர் செவலையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுக்கு லாயம் எதுன்னு தெரிஞ்சுபோச்சு” என்றார். “பொம்மா, பூட்டைத் திற. குதிரைக்குச் சேணம் போடு. இவன் போகட்டும்.”

“எங்கே?” என்றான் முத்திருளன்.

“உன் இஷ்டம்.”

பதினாறு பேரில் ஒருவரும் குதிரையை விட்டு இறங்கவில்லை.

முத்திருளனுக்குப் புரிந்தது. பண்டாரத்தின் காதருகே குனிந்தான்.

“நான் கிழக்கே போறேன், சாமி. கடற்கரை வரைக்கும் இவங்களை இழுத்துட்டுப் போய் அலைய விடுறேன் பாருங்க. எனக்குக் குதிரையை நினைச்சுத்தான் பயம். இனிமே பயமில்லை.”

பண்டாரம் அவன் படுத்திருந்த வைக்கோலை எடுத்து உதறினார். அதே இடத்தில் பரப்பினார். முழங்கையால் அழுத்தி மேடு பள்ளம் சரிசெய்தார்.

“யாருக்கு?”

“உனக்குத்தான்.”

அவனுக்குச் சுருக்கென்றது. சொல்லிக்கொள்ளாமல் வெளியேறினான்.

கோட்டை வாசல் தெற்குப் பார்த்தது. அரசமரத்தடியில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது கை கிழக்கே, கடலுக்கு. வலது கை மேற்கே, மலைக்கு. கிழக்கே, கிழக்கே என்று சொல்லிக்கொண்டே போனான். பின்னால் குளம்படிச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

அக்காவுக்குப் பிறந்திருக்குமா? ஆணா, பெண்ணா? ஓடையில் தண்ணீர் வற்றியிருந்தால் யார் போய்ச் சுமந்து வருகிறார்கள்?

முதுகில் வெயில் சுட்டது.

காலை வெயில். முகத்தில் அடித்திருக்க வேண்டும்.

நிமிர்ந்து பார்த்தான். எதிரே மலை இருந்தது. அரசமரம் பின்னால் போய்விட்டிருந்தது. கடிவாள வார் அவன் கையில் தொளதொளவென்று கிடந்தது.

“உன்னை நம்பினேனே, பாவி” என்று செவலையை அடிக்கக் கையை ஓங்கினான்.

ஓங்கியபோது குனிந்து பார்த்தான்.

குதிரைப்படையில் முதலில் பழக்குவது முழங்காலைத்தான். போரில் இரண்டு கையிலும் ஆயுதம் இருக்கும். இடது முழங்காலால் அழுத்தினால் குதிரை வலது பக்கம் திரும்பும்.

அவனுடைய இடது முழங்கால் செவலையின் விலாவை அழுத்திக்கொண்டிருந்தது. இன்னமும்.

அவன் இறங்கினான். செவலையின் கழுத்தைத் தடவினான். பிறகு கடிவாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த வழியே நடந்தான். குதிரை வீரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் விலகி வழிவிட்டார்கள்.

“என்னடா?” என்றார் வாசலில் தளவாய். சிரிப்பு போயிருந்தது.

முத்திருளன் செவலையைப் பொம்மனிடம் கொடுத்துவிட்டுச் சிறைக்குள் போனான். கதவைத் தானே இழுத்துச் சாத்தினான்.

“குதிரை வழி மாறிப் போச்சா?” என்றார் பண்டாரம்.

“இல்லை, சாமி. நான் சொன்ன வழியிலதான் போச்சு.”