துருக்கிக்குக் குடிபோகிறவர்

“அம்மா, எனக்கு இந்த ஊர் இனிமே சரிப்பட்டு வராது.”

சிதம்பரதாணு வந்ததும் வராததுமாகச் சொன்னார். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

மங்கையம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“எந்த ஊர் சரிப்பட்டு வரும், அண்ணாச்சி?”

“துருக்கி.”

குரு மங்கையம்மாவுக்கு வயது நாற்பத்தாறு. சீடருக்கு அறுபத்து மூன்று. அந்த மலையடிவாரத்து மடத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவர் அவளை அம்மா என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள். ஆறு வருஷமாக, ஊரில் இருந்தால் அமாவாசைக்கு வந்துவிடுவார்.

ஊரில் இல்லையென்றால் துருக்கியில் இருப்பார்.

நூற்பாலையில் மேலாளராக இருந்த மனிதர். முதல் தடவை போனது ஒரு இயந்திரம் பார்க்க. இயந்திரம் உருப்படாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார், ஊரைத்தான் மறக்க முடியவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. இதுவரை ஒன்பது தடவை. முருங்கைக்காய் சாம்பாரைப் பிசையும்போதுகூட “அங்கெல்லாம்” என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். “அங்கெல்லாம்” கேட்டதும் அவர் மனைவி பகவதியம்மாள் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள்.

“அப்படி என்ன இருக்கு அங்க?”

இந்தக் கேள்விக்காகத்தான் மனிதர் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

“என்ன இல்லைன்னு கேளுங்க. கடைக்குள்ள போனா, என்ன வேணும்னு கேக்கதுக்கு முன்னாடி டீ வந்துரும். இத்துனூண்டு கண்ணாடி கிளாஸ்ல. டாக்சிக்காரன் ‘ஆபி’ம்பான், அண்ணன்னு அர்த்தம். தெருப்பூனைக்குக்கூடக் கிண்ணத்துல தண்ணி வச்சிருப்பாங்க. புர்சான்னு ஒரு ஊரு. அங்க நெர்மின் அம்மா வீட்டுலதான் எப்பவும் தங்குவேன். அறை வாடகைக்கு விடுதவங்கதான், ஆனா கூடப் பிறந்த அக்கா தோத்துப்போவா.”

குரல் இறங்கியது.

“நான் கிளம்பும்போது ஒரு செம்புத் தண்ணியோட வாசலுக்கு வருவாங்க. கார் நகந்ததும் பின்னாடியே ஊத்துவாங்க.”

மங்கையம்மாவின் கை இப்போது நின்றது. “பின்னாடி தண்ணியா?”

“எனக்கும் முதல் தடவை திக்குன்னு ஆயிட்டு! நம்ம ஊர்ல பொணம் போன பிறகுதானே வீட்டைக் கழுவுவோம்? ஒருத்தர் வெளியூர் கிளம்பினா கொஞ்ச நேரத்துக்கு வாரியலை எடுத்துப் பெருக்கக்கூட மாட்டோம். ‘அஞ்சு நாள் உங்க வீட்டுச் சோத்தைத் தின்னவனைத் தலைமுழுகுதீங்களா’ன்னு காரை நிறுத்தி இறங்கிட்டேன். தமிழ்லயே சண்டை போட்டேன். பாவம் அந்த அம்மா, நான் எதையோ மறந்துட்டேன்னு நினைச்சு உள்ள ஓடி ஒரு குடையைக் கொண்டாந்து குடுத்தாங்க. அது என் குடையும் இல்ல.”

“அப்புறம்?”

“டாக்சிக்காரன்தான் விளங்கவச்சான். தண்ணி மாதிரி தடங்கல் இல்லாம போ, தண்ணி மாதிரி திரும்பி வான்னு அர்த்தமாம்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஒன்பது தடவையும் ஊத்தினாங்க, அம்மா. நம்ம வீட்டுல நான் படி இறங்கும்போது டி.வி. சத்தந்தான் கேக்கும்.”

அதனால் ஒரேயடியாகப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தார். நெர்மின் அம்மா மாடி அறையை ஒழித்துத் தருவதாகச் சொல்லிவிட்டாள். இன்னும் பதினைந்து நாளில் விமானம். போக மட்டும்தான் டிக்கெட்.

“வீட்டுல என்ன சொல்லுதாங்க?”

சிதம்பரதாணு மலையைப் பார்த்தார்.

“வரமாட்டாளாம். ‘பத்து நாள் போனா போயிட்டு வாங்க. ஒரேயடியாப் போனா, அப்புறம் இந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது’ன்னுட்டா.”

முப்பத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தவள் தோசையைத் திருப்பிக்கொண்டே அதைச் சொல்லியிருந்தாள். அந்த வார்த்தை அவர் நெஞ்சில் முள்ளாக இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

“நீங்க ஒரு வார்த்தை, நல்லா இருங்கன்னு சொல்லிட்டீங்கன்னா போதும், அம்மா.”

மங்கையம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

“இங்க எத்தனை தடவை வந்திருப்பீங்க?”

“அறுபது இருக்கும்.”

“பிடிச்சுத்தானே வந்தீங்க?”

“பிடிக்காமலா ரெண்டு பஸ் மாறி வாரேன்?”

“அப்போ இந்தப் பதினஞ்சு நாளும் இங்கயே குடியிருங்க. விருந்தாளியா இல்ல, நம்ம ஆளா. அதுக்கப்புறம் நான் சொல்லுதேன்.”

சிதம்பரதாணுவுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மடத்தில் அவருக்கென்று ஒரு மரியாதை உண்டு. வந்ததும் சுக்குக் காபி. சாப்பாட்டுக்கு ஜன்னலோர இலை. கிளம்பும்போது மங்கையம்மாவே கேட் வரைக்கும் வந்து, பஸ் வளைவில் திரும்புகிறவரை நிற்பாள். அதையெல்லாம் பதினைந்து நாளும் அனுபவிக்கலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

முதல் நாள் சுக்குக் காபியும் ஜன்னலோர இலையும் தவறாமல் வந்தன.

இரண்டாம் நாள் காலையில் அவர் முன்னால் அரிவாள்மணையும் மூன்று வாழைப்பூவும் வந்து உட்கார்ந்தன.

மூன்றாம் நாள் புளிக்குக் கொட்டை எடுத்தார்.

நான்காம் நாள், “வாங்க அண்ணாச்சி” என்பது “அண்ணாச்சி, மோட்டாரை நிறுத்துங்க” என்று ஆகியிருந்தது.

ஆறாம் நாள் கோவில்பட்டியிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். நான்காவது தடவையாக வருகிறவராம். மங்கையம்மா முகம் மலர்ந்து வாங்க என்றாள். ஜன்னலோர இலை வாத்தியாருக்குப் போனது. பரிமாறியது சிதம்பரதாணு.

“ஆகா, எப்பேர்ப்பட்ட இடம்!” என்றார் வாத்தியார். “இங்கேயே இருக்கீங்களே, நீங்க கொடுத்துவச்சவர் சார்.”

சிதம்பரதாணு அவர் இலையில் ஒரு கரண்டி ரசத்தைக் கொஞ்சம் வேகமாகவே ஊற்றினார்.

வாத்தியார் கிளம்பினார். மங்கையம்மா கேட் வரைக்கும் போனாள். பஸ் வளைவில் திரும்புகிறவரை நின்றாள். சிதம்பரதாணு அடுக்களை ஜன்னல் வழியாக அதை முழுசாகப் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அவரிடம் “அங்கெல்லாம்” நின்றுபோயிருந்தது. சொன்னால் கேட்க ஆள் இல்லை. எல்லாருக்கும் வேலை இருந்தது.

பத்தாம் நாள் பொறுக்க முடியவில்லை. பாதி ஆய்ந்த வாழைப்பூவைக் கையில் பிடித்தபடியே போய் மங்கையம்மா முன்னால் நின்றார். விரலெல்லாம் கறை.

“ஒரு விஷயம் கேக்கணும்.”

“கேளுங்க.”

“நான் என்ன தப்பு செஞ்சேன்?”

“ஒண்ணும் செய்யலையே.”

“ஆறு வருஷமா வாரேன். ஒரு தடவையாவது கேட் வரைக்கும் வராம என்னை அனுப்பியிருக்கீங்களா? இப்போ பத்து நாளா நிமிந்துகூடப் பாக்கமாட்டேங்கீங்க. நேத்து வந்தவனுக்கு ஜன்னலோர இலை! எனக்கு மனசு விட்டுப்போச்சு, அம்மா.”

குரல் உடைந்துவிட்டது. அறுபத்து மூன்று வயது மனிதர், வாழைப்பூவோடு.

மங்கையம்மா அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேலி இல்லை, பிரியம்தான் இருந்தது.

“நீங்க எங்கயும் போகலையே, அண்ணாச்சி. போகாத ஆளை நான் எப்படி வழியனுப்ப?”

சிதம்பரதாணு கையிலிருந்த வாழைப்பூவைப் பார்த்தார்.

புர்சாவில் அந்த மாடி அறை அவர் கண்ணுக்குத் தெரிந்தது. கீழே நெர்மின் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். தலையை நிமிர்த்தாமலே துருக்கி மொழியில் கூப்பிட்டு ஏதோ சொல்கிறாள். மோட்டாரை நிறுத்தச் சொல்கிறாள் போல.



பிறகு கையைக் கழுவினார். போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார்.

“பகவதி, நான்தான்.”

“சொல்லுங்க.”

“நான் ஒரேயடியாப் போகலை. பன்னிரண்டு நாள்தான். திரும்பி வாரதுக்கும் டிக்கெட் போட்டுருதேன்.”

மறுமுனையில் டி.வி. சத்தம் நின்றது. போன் கட்டாகிவிட்டதோ என்று ஒரு தடவை காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

பிறகு பகவதியம்மாளின் குரல் வந்தது.

“என்னைக்குக் கிளம்புதீங்க? முன்கூட்டியே சொல்லுங்க. ஏர்போர்ட் வரைக்கும் நானும் வாரேன்.”