பூசினதே தெரியாத சீலர்

எங்கள் வாகைப்பட்டிக்காரர்களுக்குப் புத்தி கிடையாது என்று பக்கத்து ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது அபாண்டம். புத்தி தேவைக்கு மேலேயே இருக்கிறது. எங்கே வைத்தோம் என்பதுதான் சமயத்தில் ஞாபகம் வருவதில்லை. இந்த விஷயத்தில் குருவையா எங்களில் யாருக்கும் சளைத்தவரில்லை.

போன வருஷம் அவர் தன் ஓட்டு வீட்டுக்கு மாடிப்படி கட்டினார். வளைந்து ஏறும் படி, பக்கத்தில் வழவழப்பான கைப்பிடி, எல்லாம் பிரமாதம். மாடி கட்ட வேண்டும் என்பது மட்டும் விட்டுப்போயிற்று. கடைசிப் படியில் ஏறி நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, "நான் ஒரு சுத்த மண்டு" என்று அவரே ஊருக்குக் கேட்கும்படி ஒப்புக்கொண்டார். அவர் மனைவி சீனித்தாய் இன்றைக்கும் அந்தப் படியில்தான் வடகம் காயப்போடுகிறாள்.

இந்த வருஷம் கேட்டிலிருந்து வாசல் வரைக்கும் காங்கிரீட் பாதை போட்டார். காரணம் சீனித்தாயின் அண்ணன் அழகுராஜ். போன மழையில் அவருடைய கார் குருவையா வீட்டு முற்றத்துக் கரிசல் மண்ணில் புதைந்து, இரண்டு ஜோடி மாடு கட்டி இழுக்க வேண்டியதாகிவிட்டது. அதிலிருந்து அவர் இந்தப் பக்கமே வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை அண்ணன் வருது" என்றாள் சீனித்தாய். "இந்தப் பாதையையாவது உருப்படியா முடிங்க. இதுலயும் சொதப்புனீங்கன்னா வீட்டு நிர்வாகத்த மொத்தமா அண்ணன் கையில குடுத்துருவேன். பிறகு நீங்க எதுவும் பேசப்பிடாது."

சும்மா இருப்பதில் குருவையாவுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் மச்சானிடம் அனுமதி கேட்டுச் சும்மா இருப்பது வேறு விஷயம். தன் ஒரு மூளையை நம்பினால் கதை கந்தலாகிவிடும் என்று தெரிந்து, ஓய்வுபெற்ற தபால்காரர் நல்லமுத்துவையும், சைக்கிள் கடை சுடலைக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினார்.

பெயின்ட் கடைக்காரர் பொறுமைசாலி. தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்கப் பாதைக்குப் பூசுகிற சீலரில் இரண்டு ரகம் உண்டு என்றார். "ஒண்ணு மேலாக்க படிஞ்சு பளபளன்னு நிக்கும். மழையில வழுக்கும். இன்னொண்ணு காங்கிரீட்டுக்குள்ள இறங்கிரும். பூசினதே தெரியாது."

மூவரும் கடை வாசலில் நின்று ஆலோசித்தார்கள்.

"காசு குடுத்து வாங்குததுக்குப் பளபளன்னு இருக்கட்டுமே அண்ணாச்சி" என்றார் சுடலைக்கண்ணு.

"வழுக்குமாம்லா வே" என்றார் நல்லமுத்து. "இவரு வழுக்காத எடத்துலயே விழுந்து எந்திரிக்க ஆளு."

குருவையா அதை மறுக்கவில்லை. "நம்ம வேலை எப்பவும் வெளிய தெரிஞ்சுதான் மானம் போவுது. தெரியாத ரகமே வாங்குவோம்" என்றார். அவர் வாழ்க்கையில் எடுத்த முடிவுகளிலேயே நியாயமான முடிவு அது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

டின்னைக் கையில் கொடுத்துக் கடைக்காரர் சொன்னார்: "மெல்லிசாப் பூசுங்க. எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு நல்லது. பூசி மூணு நாளைக்கு வண்டிச் சக்கரம் படக் கூடாது. அதுக்கப்புறம் தண்ணி ஊத்திப் பாருங்க. கீழ இறங்காம நின்னா நீங்க பூசினது சரின்னு அர்த்தம்."

இதை மறக்காமல் இருக்க, ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டு, ஊர் வரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

சனிக்கிழமை காலையில் டின்னைத் திறந்து, ரோலரை முக்கி, கேட் ஓரமாக ஒரு இழுப்பு இழுத்தார் குருவையா. அந்த இடம் ஈரமாகக் கறுத்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, தெரியுதே" என்றார் நல்லமுத்து.

"ஆமா, பூசினதே தெரியாதுன்னுல்லா சொன்னாரு!" என்றார் சுடலைக்கண்ணு.

"கூடிப்போச்சு. இன்னும் மெல்லிசாப் போடணும்" என்றார் குருவையா.

பூசியதைத் துணியால் ஒற்றி எடுத்து, துணியைப் பிழிந்து டின்னிலேயே விட்டார்கள். பிறகு ரோலரின் நுனியை மட்டும் தொட்டு இழுத்தார்கள். அதுவும் தெரிந்தது. அதையும் ஒற்றிப் பிழிந்தார்கள். வெயில் உச்சிக்கு வந்தது. குருவையாவுக்கு அழுகை வராத குறை. ஒரு டின்னைக்கூட ஒழுங்காகப் பூசத் தெரியாத தன்னை நம்பி ஒருத்தி கழுத்தை நீட்டினாளே என்று சீனித்தாயை நினைத்து வருத்தப்பட்டார்.

அப்போதுதான் சுடலைக்கண்ணு டின்னை இறுக்கி மூடினார். புது ரோலர் ஒன்றை எடுத்து வெறுமனே உருட்டினார்.

"இப்பத் தெரியுதா?"

நல்லமுத்து மண்டியிட்டுப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "ஒண்ணும் தெரியல வே!"

"இதைவிட மெல்லிசாப் பூச முடியுமா?"

"ஒருக்காலும் முடியாது."

"அப்ப இதான் சரியான அளவு" என்றார் குருவையா. பாதை முழுவதையும் அதே அளவில், ஓர் இடம் விடாமல், பொழுது சாயும்வரை பூசினார்கள். விட்டுப்போன மாதிரித் தோன்றிய இடங்களில் இன்னொரு கை போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அழகுராஜின் வெள்ளைக் கார் கேட்டுக்கு வெளியே ஹாரன் அடித்தது. குருவையா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினார்.

"மச்சான், நிறுத்துங்க! நேத்துதான் பூசியிருக்கு. மூணு நாளைக்குச் சக்கரம் படப்பிடாது."

"அப்ப காரைத் தெருவுலயா விடச் சொல்லுதீரு? மாடு வந்து முதுகு தேய்க்கும் மாப்ளே. நான் ஊருக்கே திரும்பிப் போறேன்."

குருவையா உள்ளே பார்த்தார். சீனித்தாய் வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். நிர்வாகம் கைமாறப்போகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

நல்லமுத்து தொண்டையைக் கனைத்தார். "கடைக்காரர் சக்கரம் படப்பிடாதுன்னுதான் சொன்னாரு. கார் படப்பிடாதுன்னு சொல்லலியே."

எல்லாரும் சுடலைக்கண்ணுவைப் பார்த்தார்கள். அவர் ஏற்கெனவே ஸ்பேனர் எடுக்கக் கடைக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

அழகுராஜ் முதலில் யோசித்தார். ஆனால் அவரும் பிறந்தது வாகைப்பட்டியில்தான். டவுனுக்குப் போனது சம்பாதிக்க மட்டும். "நியாயமாத்தான் இருக்கு" என்று ஜாக்கியை அவரே எடுத்துக் கொடுத்தார். நான்கு சக்கரத்தையும் கழற்றினார்கள். தெருவே திரண்டு வந்து கயிறு கட்டி, ஐலசா போட்டுக் காரைக் காங்கிரீட்டின் மேல் தரதரவென்று இழுத்தது. தீப்பொறி பறந்தது. சத்தம் தாங்காமல் நாய்கள் ஊரைக் காலி செய்தன. சக்கரங்களை நான்கு பேர் தரையில் படாமல் தலையில் சுமந்துகொண்டு பின்னால் வந்தார்கள்.

கார் வாசலுக்கு வந்து சேர்ந்தது. புதுக் காங்கிரீட், இன்னும் முழுசாக இறுகவில்லை. கேட்டிலிருந்து வாசல் வரை விரல் ஆழத்துக்கு இரண்டு பள்ளம் உழுதிருந்தது.

சீனித்தாய் பாதையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தாள்.

"ஒரு எடத்துலகூடச் சக்கரத் தடம் இல்ல" என்றாள். "ஆனா சீலர் சரியானதுதானான்னு எப்படித் தெரியும்?"

"தண்ணி ஊத்திப் பாக்கணும்" என்றார் குருவையா. தண்ணீர் ஊற்றுவதும் மூன்று நாள் கழித்துத்தான் என்பது நல்லமுத்துவின் பங்கு. அவர் அந்நேரம் வேர்வை துடைத்துக்கொண்டிருந்தார். குருவையா கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்து ஊற்றினார். எல்லாரும் குனிந்தார்கள்.

இரண்டு பள்ளத்திலும் தண்ணீர் தளதளவென்று நின்றது. அதில் வானம் தெரிந்தது.

"நிக்குது!" என்று தெருவே கத்தியது. சுடலைக்கண்ணு குருவையாவைக் கட்டிக்கொண்டார். சீனித்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணே, நீ உன் வீட்டைப் பாத்துக்க. இந்த வீட்டை எங்க வீட்டுக்காரரு பாத்துக்கிடுவாரு" என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு குருவையா இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அழகுராஜ் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தார். "அற்புதமான சரக்கு மாப்ளே. எங்க வீட்டுக்கும் இதையே பூசணும். எங்க வாங்குனீரு?"

"எதுக்கு மச்சான் வாங்கணும்?" என்று குருவையா ஓடிப்போய், விளிம்புவரை நிறைந்திருந்த டின்னைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். "இதைக் கொண்டுபோய்ப் பூசுங்க. பூசி முடிச்சதும் மறக்காம திருப்பிக் குடுத்துருங்க. அடுத்த வருஷம் எங்களுக்கு இன்னொரு தடவ பூசணும்."