உண்ணாத் துறவியின் கிண்ணம்

மழை அறியாத மலை ஒன்றில் ஒரு மடம் இருந்தது. மடத்தில் ஓர் உடல் இருந்தது. நானூறு ஆண்டுகளுக்கு முன் உணவைத் துறந்து, உட்கார்ந்தபடியே உயிர்விட்ட துறவியாம். யாரும் தைலம் பூசவில்லை. குளிரும் காய்ந்த காற்றுமே அழுகாமல் காத்துவிட்டன.

பசியை வென்றவர் என்பதால் தினமும் ஒரு காலிக் கிண்ணத்தைக் கழுவி அவர் முன் வைப்பார்கள். அதுதான் படையல். பஞ்ச காலத்தில் அழும் பிள்ளைகளுக்கு அவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

நாற்பது ஆண்டுகளாகக் கிண்ணம் வைத்தவர் ஆங்சுக். மடத்தின் குருவைவிட வயதில் மூத்த சீடர்.

அந்தக் கோடையில் ஒரு மருத்துவர் ஸ்கேன் வண்டியோடு வந்தார். போர்த்திய துணியைக்கூட எடுக்காமல் உடலைப் படம் பிடித்தார். மாலையில் படத்தைக் காட்டித் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"கால் எலும்புல குறுக்குக் கோடுகள் இருக்கு. சின்ன வயசுலேயே பட்டினி கிடந்திருக்கார். வயித்துல மண்ணும் கல்லும். இது தையல் போட்ட தோல். செருப்பா இருக்கலாம்."

"செருப்பையா தின்னார்?" என்றார் ஆங்சுக்.

"கிடைச்சதைத் தின்னிருக்கார். விரதம் இருக்கிறவர் மண்ணைத் தின்ன மாட்டாரே."

வண்டி போய்விட்டது. ஆங்சுக் மூன்றாம் நாள் குருவிடம் வந்தார்.

"பனியில பாதை அடைஞ்ச வருஷம் என் தங்கச்சி பசியில செத்தா. சுவத்தைச் சுரண்டித் தின்னா."

"சுவத்தைப் பத்தி நீங்க சொன்னதில்லையே."

"சொல்ல வாய் வரல. இவர் பசியையே தவமாக்கினார்னு கேட்டுத்தான் இங்க வந்தேன். அவ பசிக்கும் ஏதோ அர்த்தம் இருக்கும்னு நம்பினேன். இப்பச் சொல்லுங்க குருவே, அவ எதுக்காகச் செத்தா?"

குரு எழுந்து அடுப்படிக்குப் போனார். பார்லிக் கஞ்சி காய்ச்சி அந்தக் கிண்ணம் நிறைய ஊற்றினார். ஆவி பறக்க உடலின் முன் கொண்டுபோய் வைத்தார்.

ஆங்சுக்குக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"இனிமே இவரால குடிக்க முடியுமா?"

"முடியாது."

"என் தங்கச்சியால?"

"முடியாது."

"அப்புறம் எதுக்கு இது?"

குரு கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பசியில செத்தவர் முன்னால நானூறு வருஷமா காலிக் கிண்ணத்தை வெச்சுக் கும்பிட்டிருக்கோம்."