நிறைஞ்சிருக்கு

காக்கை வெள்ளையாய் இருந்த காலத்தில் நடந்தது இது. நம்பாதவர்கள் காக்கையிடமே கேட்டுக்கொள்ளலாம்.

மருதங்குளம் என்ற ஊரில் சிவப்பி என்று ஒருத்தி. வீடு சிறிது, தோட்டம் பெரிது. சித்திரை பிறந்தால் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் மல்லிகையும் அங்கே போட்டி போட்டுப் பூக்கும். அந்த வாசத்தில் தெருநாய்கூடக் குரைக்க மறந்து படுத்துக்கிடக்கும்.

அன்று அம்மன் கொடை. பூ, மொட்டு, ஒன்று விடாமல் பறித்துக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டாள். அப்புறம் வந்தான் அரண்மனைச் சேவகன்.

"மகாராணிக்கு மல்லிகை வேணும். பூ இருக்கா, அம்மா?"

அந்த ஊரில் ஒரு பொருள் தீர்ந்துபோனால் 'இல்லை' என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொன்னால் லட்சுமி கோபித்துக்கொண்டு போய்விடுவாளாம். அரிசிப் பானை காலியானாலும் 'நிறைஞ்சிருக்கு' என்பார்கள். கேட்டவர் புரிந்துகொள்வார்.

"நிறைஞ்சிருக்கு, தம்பி" என்றாள் சிவப்பி.

சேவகனோ, புது ராஜாவோடு மலைக்கு அப்பாலிருந்து வந்தவன். ஓடிப்போய் அப்படியே சொன்னான். ராஜா, ராணியைப் பல்லக்கில் ஏற்றிக்கொண்டு தானே வந்துவிட்டார்.

நந்தியாவட்டையைப் பார்த்தார், இலை. செம்பருத்தியைப் பார்த்தார், இலை. மல்லிகையைப் பார்த்தார், அதுவும் இலை.

"என்னைப் பார்த்தால் ஆடு மாதிரி தெரியுதா?"

ராணி சிரித்துவிட்டாள். ராஜாவுக்குக் கோபம் இரட்டிப்பாயிற்று. "எல்லாச் செடியையும் வேரோடு பிடுங்கு."

சேவகன் மல்லிகைத் தூரில் கை வைத்தான். தன் கூந்தலையே பிடித்த மாதிரி இருந்தது சிவப்பிக்கு.

"பொய் சொல்லலை, மகாராஜா. தீர்ந்துபோனதைத்தான் எங்க ஊர்ல நிறைஞ்சிருக்குன்னு சொல்லுவோம். உங்க களஞ்சியத்தைப் பார்த்துக்கிற முத்தையனும் எங்க ஊர்க்காரர்தான். கேட்டுப் பாருங்க."

ராஜாவின் முகம் வெளுத்தது. தினமும் காலையில், "நெல் எப்படி?" என்று கேட்பார். "நிறைஞ்சிருக்கு, மகாராஜா" என்பார் முத்தையன். அதை நம்பித்தான் ராஜா மாதக்கணக்கில் விருந்து வைத்துக்கொண்டிருந்தார்.

"கையை எடுடா" என்றார் சேவகனிடம். பல்லக்கை மறந்து, செருப்பை மறந்து, ராணியையும் மறந்து ஓடினார்.

களஞ்சியத்தில் ஒரே ஒரு எலி. அதுவும் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது.

நல்லவேளை, ஆடி விதைப்புக்கு இன்னும் நாள் இருந்தது. விருந்து நின்றது. மலைக்கு அப்பால் ராஜாவின் தகப்பன் நாட்டிலிருந்து விதைநெல்லும் சோற்றுநெல்லும் வண்டி வண்டியாய் வந்து இறங்கின. அந்த வருஷம் எந்த வீட்டிலும் உலை கொதிக்காமல் இருக்கவில்லை.

மறந்து விடப்பட்ட ராணி என்ன ஆனாள் என்கிறீர்களா? சிவப்பி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, மல்லிகைக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கணுவுக்குக் கணு துளிர்த்திருந்தது.

நல்ல வார்த்தையைக் கேட்டு மகிழலாம், ஆனால் பானையின் மூடியைத் திறந்தும் பார்த்துக்கொள்ள வேண்டும்.