வாயில் விரல்

பேராசிரியர் மீனலோசனியிடம் குழந்தைப் பருவக் காயங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தவர்களில், அவரைவிட வயதில் மூத்தவர் சிஸ்டர் அமலோற்பவம் ஒருவர்தான். முப்பது வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவர். அவர் வகுப்பில் பென்சில் விழுந்தாலும் கேட்கும் என்பார்கள்.

ஒரு வியாழக்கிழமை மதியம் சிஸ்டர் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். பிள்ளைகள் இல்லத்தில் முப்பத்தெட்டுக் குழந்தைகளை ஒவ்வொருவராகக் கேட்டு எழுதியது.

"முப்பத்தெட்டுல முப்பத்தஞ்சு 'இல்லை'தான் மேடம். அடியில்லை, தொந்தரவில்லை, ஒண்ணுமில்லை. அப்புறம் ஏன் இதுங்க பாயை நனைக்குதுங்க? ஏன் மேடம் வாயத் திறந்து சொல்ல மாட்டேங்குதுங்க?"

மீனலோசனி கட்டைத் தன் பக்கம் இழுத்தார். மேலே இருந்த தாளை எடுத்தார். இசக்கியம்மாள், வயது ஏழு. கீழே குறிப்பு: 'மிகவும் ஒழுக்கமான குழந்தை.'

"இது அவசரம் மேடம். நாளைக்குக் காலையில அவ மாமா வந்து கூட்டிட்டுப் போறாரு. ஆலோசகரா உங்க கையெழுத்து வந்தாத்தான் குழந்தைகள் நலக் குழு அவளை அனுப்பும்."

"இவ பேசினதைப் பதிவு பண்ணீங்களா?"

"பண்ணேன். ஆனா அவ பேசினாத்தானே."

"போடுங்க."

சிஸ்டர் போனை மேசைமேல் வைத்தார். ஒரு சிறுமியின் குரல் படபடவென்று வந்தது.

"சிஸ்டர், எங்க வீட்ல ஆடு நிக்குது. ரெண்டு குட்டி. மாமா வந்தா ஆடு கத்தும்லா, நான் மட்டும்..."

"ஏ புள்ள, வளவளன்னு என்ன பேச்சு? கேட்டதுக்கு மட்டும் பதில். கை கட்டு. வாயில விரல்."

நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு சிஸ்டரின் குரல், கேள்வித்தாளைப் பார்த்து வாசித்தது. "உன்னை யாராவது துன்புறுத்தியது உண்டா?"

வெளியே யாரோ பந்து தட்டும் சத்தம். அது மட்டும்தான்.

"சரி. இல்லைன்னு போட்டுக்கிறேன்."

மீனலோசனி போனை அணைத்தார்.

"சிஸ்டர், வாயில விரல் வைங்க."

"மேடம்?"

"கை கட்டுங்க. வாயில விரல்."

ஐம்பத்தெட்டு வயது சிஸ்டர் கை கட்டினார். விரலை உதட்டில் வைத்தார். எப்படி வைப்பது என்று யோசிக்கவே இல்லை.

"நான் இப்ப உங்களை அவமானப்படுத்தினேனா?"

சிஸ்டரின் முகம் சிவந்தது. கண் நிறைந்தது. விரல் அசையவில்லை.

மீனலோசனி ஒரு வெள்ளைத் தாளை இழுத்தார். "இல்லைன்னு போட்டுக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே 'இல்லை' என்று எழுதினார். அதன் கீழே, 'மிகவும் ஒழுக்கமானவர்.'

சிஸ்டர் விரலைப் பிடுங்கி எடுத்தார். "போதும் மேடம். நான் என்ன, உங்க வீட்டு வேலைக்காரியா?"

"நீங்களா எடுத்துட்டீங்க. கத்தவும் செஞ்சீங்க. அவளுக்கு ஏழு வயசு, யாரைப் பார்த்துக் கத்துவா?"



மீனலோசனி நலக் குழுவுக்குப் போன் செய்தார்.

"இசக்கியம்மாளை நாளைக்கு யார்கூடவும் அனுப்பாதீங்க. பிள்ளை சொல்ல ஆரம்பிச்சா. நாங்கதான் கேட்கலை. இல்லைங்க, எங்க தப்புதான். ஆமா, என் பேர்லயே எழுதிக்கோங்க. அவளை அனுப்பக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டு இன்னைக்கே தாளை அனுப்புறேன்."

போனை வைத்தார். சிஸ்டர் தாள் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தெட்டுமா மேடம்?"

"முப்பத்தெட்டும். மறுபடி முதல்லேர்ந்து கேட்கணும்."

"ஒன்றரை வருஷ வேலை."

"தெரியும். கிழிங்க."

சிஸ்டர் கிழித்தார். முதல் தாளை மெதுவாக. மற்றதையெல்லாம் கோபமாக. யார்மேல் கோபம் என்று மீனலோசனி கேட்கவில்லை.

"இப்பவே இல்லத்துக்குப் போறேன். போனதும் விரலை எடுடின்னு சொல்லட்டுமா?"

"அதுவும் உத்தரவுதான். ஆட்டுக்குட்டிக்கு என்ன பேருன்னு கேளுங்க. அப்புறம் நீங்க வாயை மூடுங்க."

சிஸ்டர் பையை எடுத்தார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"அவ என்கிட்ட முகம் குடுக்கலைன்னா? நீ போ, உன்னைப் பிடிக்கலைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா?"

"எழுதிக்கோங்க. அதுதான் அவளோட முதல் பதில்."