ஆவுடையப்பன் கோட்டு சூட்டு தைத்த கதை

திருநெல்வேலி பஸ்ஸில் ஏறி, சாலைப்பொட்டலுக்கு ஒரு டிக்கெட் கேட்டுப் பாருங்கள். கண்டக்டர் உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சொந்த ஊரா, இல்ல சும்மா போறியளா?" என்பார். சும்மாதான் என்றால் அவருக்கு நிம்மதி. அந்த ஊர்க்காரர்கள் மேல் யாருக்கும் வருத்தம் கிடையாது. பொய் பேச மாட்டார்கள், யாரையும் ஏமாற்ற மாட்டார்கள். ஒருவர் சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். தொந்தரவே அதில்தான். என்ன சொன்னீர்களோ, அதை அப்படியே செய்துவிடுவார்கள்.

அந்த ஊரில் மாவு மில் வைத்திருந்த ஆவுடையப்பனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் தூத்துக்குடி. பெயர் கனகமணி. பெண் பார்க்கப் போன அன்று இரண்டு பேரையும் கொஞ்சம் பேசிக்கொள்ளச் சொல்லிப் பெரியவர்கள் விலகிக்கொண்டார்கள்.  ஆவுடையப்பன் புருவத்தில் ஒட்டியிருந்த அரிசி மாவைத் தேய்த்துக்கொண்டே நின்றான். கடைசியில் அந்தப் பெண்தான் பேசினாள்.

"வரவேற்புக்கு நீங்க கோட்டு சூட்டு போட்டா எடுப்பா இருக்கும்."

"சரி" என்றான் ஆவுடையப்பன்.

கோட்டு சூட்டு என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது. ஆனால் அவள் தன்னிடம் கேட்டது அந்த ஒன்றுதான். அதைச் செய்யாமல் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஊர் திரும்பும்வரை அதே யோசனை.

வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள். ஆவுடையப்பன், அவன் அண்ணன் பூதத்தான், தாய்மாமன் கோமதிநாயகம். மாமா ஒரு தடவை ஒரு வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போய் சாட்சி சொல்லிவிட்டு வந்தவர். அதனால் வெளியுலகம் சம்பந்தப்பட்ட எதையும் ஊரில் அவரிடம்தான் கேட்பார்கள்.

"கோட்டுன்னா வக்கீல் போடுதது. நான் கண்ணால பாத்திருக்கேன்" என்றார் மாமா.

"அப்ப சூட்டு?" என்றான் பூதத்தான்.

மாமா நன்றாக யோசித்தார். "கோட்டப் போட்டா உடம்புல உண்டாகுதுல்லா, அந்தச் சூடு."

"அப்ப கோட்டு மட்டும் தச்சாப் போதும் மாமா. சூடு தன்னால வந்துரும்."

ஆவுடையப்பனுக்குப் பாதி பாரம் இறங்கியது போல இருந்தது.

மறுநாள் திருநெல்வேலியில் ஞானதுரை டெய்லரிடம் போனார்கள். நல்ல கைக்காரர். கோபமே வராத மனுஷன் என்று பெயர் எடுத்தவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "துணி கொண்டாரலையா? எதுத்த கடையில போயி, சூட்டுக்குத் துணி வேணும்னு கேட்டு வாங்கிட்டு வாங்க" என்றார்.

அது சித்திரை மாதம். ரோட்டில் தார் இளகிக் கிடந்தது. எதிர்க் கடைக்காரரிடம் மாமா போய் நின்று, "சூட்டுக்குத் துணி வேணும்" என்றார். கடைக்காரர் வெளியே வெயிலைப் பார்த்தார், இவர்கள் முகத்தில் வழிந்த வேர்வையைப் பார்த்தார். கடையிலேயே மெல்லிசான மல் துணியை எடுத்துப் போட்டு, "இதைவிடக் குளுமையான துணி கிடையாது" என்றார்.

ஞானதுரை அந்தத் துணியை உள்ளங்கையில் விரித்துப் பார்த்தார். கைரேகை தெரிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு தானே போய், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நல்ல கருநீலத் துணியாக எடுத்து வந்தார்.

"மாப்பிள்ளை வாங்க, அளவு எடுக்கணும்."

பூதத்தான் குறுக்கே வந்து நின்றான். "எவ்வளவு எடுப்பீங்க?"

"எல்லாத்தையும்தான் எடுக்கணும். கழுத்து, மார்பு, இடுப்பு, கை, கால்."

"எல்லாத்தையும் எடுத்துட்டா தம்பிக்கு என்ன மிஞ்சும்?"

மாமா நடுவில் வந்து சமாதானமாகப் பேசினார். "அண்ணாச்சி, அவன் கல்யாணம் ஆகப்போறவன். அவங்கிட்ட கொஞ்சமா எடுத்துக்கிடுங்க. பத்தலன்னா எங்கிட்ட எடுங்க. எனக்கு இந்த வயசுல இடுப்பை வச்சு என்ன ஆகப்போகுது?"

ஞானதுரை கழுத்தில் கிடந்த டேப்பை உருவினார். பிறகு, "வலிக்காம எடுக்கேன்" என்று சொன்னார். அதற்குமேல் ஆட்சேபம் வரவில்லை.

"நிமிந்து நில்லுங்க. கை ரெண்டையும் விரிங்க. ஆ, அப்படியே இருங்க."

ஆவுடையப்பன் அப்படியே இருந்தான். அவர் அளந்தார், எழுதினார், துணியை மடித்தார். "அடுத்த வாரம் ட்ரயலுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு மிஷினில் உட்கார்ந்துவிட்டார். கையை இறக்குங்கள் என்று சொல்ல அவருக்கு விட்டுப்போயிற்று.

"அப்படியே இருங்கன்னு சொல்லிருக்காரு" என்றான் பூதத்தான் மெதுவாக. "எது வரைக்கும்னு சொல்லலையே மாமா."

"அதான் அடுத்த வாரம் வரச் சொல்லிட்டாருல்லா. அதுவரைக்கும்தான்."

விரித்த கையோடு ஆவுடையப்பனைக் கடை வாசலில் பக்கவாட்டாகத் திருப்பி வெளியே கொண்டுவந்தார்கள். பஸ்ஸில் அவன் நடுவில் நின்றான். நல்ல கூட்டம். ஒரு அம்மாள் யதார்த்தமாகத் தன் பையை அவன் கையில் மாட்டினாள். அதைப் பார்த்து இன்னொருவர் தூக்குவாளியை மாட்டினார். முக்கூடல் போகிற ஒரு பெரியவர் குடையை மாட்டிவிட்டுத் தூங்கியே போனார். சாலைப்பொட்டல் வந்ததும் எல்லாவற்றையும் உரியவர்களிடம் சேர்ப்பித்துவிட்டு இறங்குவதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அந்த வாரம் முழுக்க அண்ணன்தான் அவனுக்குச் சோறு ஊட்டினான். மில்லுக்கு வந்தவர்கள், சுவிட்சைப் போட்டுத் தாங்களே அரைத்துக்கொண்டு போனார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. டெய்லர் சொல்லியிருக்கிறாராம் என்றதும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

ட்ரயல் என்ற சொல்தான் மாமாவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அவருக்குத் தெரிந்து ட்ரயல் என்றால் வழக்கு விசாரணை. யார்மேல் வழக்கு என்று புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று சலவை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு புறப்பட்டார். கடைக்குள் நுழைந்ததும் ஞானதுரைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார்.

"நான் பாத்ததை மட்டும்தான் சொல்லுவேன். பாக்காததைச் சொல்ல மாட்டேன்."

"அது போதும்" என்றார் ஞானதுரை. இப்போது அவர் மாப்பிள்ளையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் இப்படியே வந்திருக்கியோ? கையை இறக்குங்க."

ஆவுடையப்பன் கையை இறக்கியபோது அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

அரைகுறையாகத் தைத்திருந்த கோட்டை அவனுக்கு மாட்டிவிட்டு, ஞானதுரை சுற்றி வந்து பார்த்தார். அவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனாலும் வழக்கப்படி கேட்டார்.

"எங்கயாவது பிடிக்குதா?"

ஆவுடையப்பன் கண்ணாடியைப் பார்த்தான். அதில் நின்றவன் பெரிய அதிகாரி மாதிரி இருந்தான். "ரொம்பப் பிடிக்குது அண்ணாச்சி" என்றான்.

"எந்த இடத்துல?"

"எல்லா இடமும் பிடிச்சிருக்கு."

"தோள்ல?"

"அங்கதான் ரொம்பப் பிடிச்சிருக்கு."

ஞானதுரைக்குக் குழப்பம். இருந்தாலும் போடுகிறவன் சொல்கிறான். சாக்கட்டியால் கோடு போட்டு எல்லா இடத்திலும் தளர்த்தினார். மறுபடி கேட்டார். இப்போது இன்னும் அதிகமாகப் பிடித்திருப்பதாக அவன் சொன்னான். மறுபடி தளர்த்தினார். கடைசியில் தைத்து முடித்தபோது அந்தக் கோட்டுக்குள் ஆவுடையப்பனும், அவசரத்துக்கு அவன் அண்ணனும் இருக்கலாம் என்ற அளவுக்கு வந்திருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கோட்டும் பேண்ட்டும் பெட்டியில் வைத்துக் கொடுத்த ஞானதுரை, இவர்களை இதற்குள் ஓரளவு தெரிந்துகொண்டிருந்ததால், நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"பாக்கெட்டு விரியாம இருக்கதுக்கும், கோட்டுக்குப் பின்னால உள்ள பிளவு அமுங்கி நிக்கதுக்கும் வெள்ளை நூல் போட்டு வச்சிருக்கேன். மறந்துராதீங்க. நூலைப் பிரிச்சுட்டுப் போடுங்க."

"நூலைப் பிரிச்சுட்டுப் போடணும்" என்று மூன்று பேரும் சேர்ந்து சொன்னார்கள். ஞானதுரைக்குத் திருப்தி.

தூத்துக்குடியில் காலையில் தாலி கட்டு முடிந்தது. சாயங்காலம் வரவேற்பு. மண்டபத்து மாடி அறையில் மூன்று பேரும் கதவைச் சாத்திக்கொண்டு, பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு பிளேடோடு உட்கார்ந்தார்கள். வெள்ளை நூல் சீக்கிரமே வந்துவிட்டது.

"முடிஞ்சுது, போட்டுக்கிடுதேன்" என்றான் ஆவுடையப்பன்.

"நில்லுலே" என்றான் பூதத்தான். அவன் கோட்டின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "உள்ள இன்னும் நூல் இருக்கு. நீல நூல்."

மூவரும் குனிந்து பார்த்தார்கள். இருந்தது.

"அவரு வெள்ளை நூலத்தானே சொன்னாரு?" என்றான் ஆவுடையப்பன்.

மாமா கண்ணை மூடி நினைவுபடுத்திப் பார்த்தார். "வெள்ளை நூல் போட்டிருக்கேன்னாரு. அது முதல்ல சொன்னது. கடைசியா என்ன சொன்னாரு? நூலைப் பிரிச்சுட்டுப் போடுங்கன்னாரு. கலர் சொல்லல. கோர்ட்டுல கடைசியாச் சொன்னதுதான் செல்லும்."

பிரித்தார்கள். ஞானதுரையின் தையல் லேசில் விடுகிற தையல் இல்லை. கீழே நாதஸ்வரம் தொடங்கியது. ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

"மாமா, கை தனியா வந்துட்டு."

"வரட்டும். நீ கழுத்தைப் பாரு."

ஒருவழியாக ஒரு நூல்கூட மிச்சமில்லாமல் முடித்துவிட்டுப் பார்த்தால், பாய் மேல் துணித்துண்டுகள் கிடந்தன. கருநீலம், நல்ல பளபளப்பு. ஆனால் எதற்குள்ளும் கையை விட முடியவில்லை. பேண்ட்டும் நாலு துண்டாகியிருந்தது.

"இத எப்படி மாமா போடுதது?" என்று கேட்டான் ஆவுடையப்பன். "அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா."

மாமா மருமகனின் முகத்தைப் பார்த்தார். கதவைத் திறந்துகொண்டு கீழே போய், சாலைப்பொட்டலிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர்களில் கை நடுங்காதவர்களாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை மேடைக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, பட்டு வேட்டி. கோட்டின் முன்பக்கத் துண்டு இரண்டையும் மாமாவும் அண்ணனும் ஆளுக்கொன்றாக அவன் மார்பில் வைத்துப் பிடித்திருந்தார்கள். வலது கையை ஒருவர், இடது கையை ஒருவர். காலருக்கு ஒரு உயரமான ஆள். பின்னால் ஒரு பெரியவர். பேண்ட்டுக்கு மட்டும் ஆள் பத்தவில்லை. எல்லோரும் ஒரே மாதிரி அடியெடுத்து வைத்து வந்தார்கள். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். பெண்ணின் அப்பா எழுந்தவர் அப்படியே நின்றார்.

கனகமணி எல்லோரையும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவங்கல்லாம் யாரு?" என்று கேட்டாள்.

"கோட்டு" என்றான் ஆவுடையப்பன்.

"பின்னால நிக்கவுக?"

"முதுகு. எங்களுக்கு ஒண்ணுவிட்ட பெரியப்பா."

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அவனுக்கு உயிரே போய்விட்டது. தலைப்பை எடுத்தபோது அவள் முகம் சிவந்திருந்தது.

"நல்லா எடுப்பா இருக்கு" என்றாள்.

அதற்கப்புறம் ஆவுடையப்பனுக்கு எந்தக் கவலையும் இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்தான். வலது கைக்காரர் ஒவ்வொரு தடவையும் கூடவே நீட்டி, கூடவே மடக்கினார். அவருக்கும் சேர்த்துச் சிலர் கை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போட்டோக்காரர் வந்தார்.

"பொண்ணு மாப்பிள்ளை மட்டும் நில்லுங்க. மத்தவங்க கொஞ்சம் விலகுங்க."

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். "விலகச் சொல்லுதாரு" என்றார் மாமா. கோட்டு இரண்டு பக்கமும் படியிறங்கிப் போய் ஓரமாக நின்றது. பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

படம் கைக்கு வந்தபோது அதில் ஆவுடையப்பன் வெறும் சட்டை வேட்டியோடு இருந்தான். அவனுக்கு மனசே சரியில்லை. மாமா படத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, கவலைப்படும்படி ஒன்றுமில்லை என்றார்.

"கோட்டு அந்தா, இந்த ஓரத்துக்கு அந்தால நின்னுச்சு. படம் சின்னதாப் போயிட்டு, அதான் வரல. பெரிசாப் போடச் சொன்னா வந்துரும்."

பெரிதாகப் போட்டார்கள். வரவில்லை. அதைவிடப் பெரிதாகப் போட்டார்கள். மாப்பிள்ளையின் மூக்குதான் பெரிதானதே தவிர கோட்டு எட்டவில்லை. ஸ்டூடியோக்காரர் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். ஒரு சுற்றுக்குமேல் அவரும் விட்டுவிட்டார்.

போன மாதம் அந்தப் பக்கம் போனவன் மில்லுக்கு மாவு திரிக்கப் போயிருந்தேன். மில்லை ஒட்டிய ஆவுடையப்பன் வீட்டுக் கூடத்தில் தரையிலிருந்து உத்தரம்வரை அந்தப் படம் நின்றது. அப்படியும் கோட்டைக் காணோம். நடுச்சுவரை எடுத்துவிட்டால் அடுத்த சைஸ் போடலாம் என்று கொத்தனாரைக் கூட்டி வந்திருந்தார்கள். கனகமணி டேப்பைப் பிடித்து அவருக்கு அளந்து காட்டிக்கொண்டிருந்தாள். தூத்துக்குடியில் படித்த பெண்ணாயிற்றே, இவளாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று அவளிடம் கேட்டேன்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் கனகமணி. "சுவரை எடுத்தா கை ரெண்டும் வந்துரும். ஆனா முதுகு வரணும்னா, படத்தைத் திருப்பித்தான் மாட்டணும்."